மொட்டை மாடி சோலார்: ஆன்-கிரிட்டா, பேட்டரியோடு ஹைப்ரிட்டா, பேனலே வேண்டாமா?

"சோலார் போடுறதுன்னு முடிவு பண்ணிட்டோம். பேட்டரி வேணுமா வேண்டாமான்னுதான் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க." இந்தக் கேள்வி வராத வாரமில்லை. கேட்பவர் கையில் மூன்று கொட்டேஷன் இருக்கும். ஒன்று ஒன்றரை லட்சத்தில் நிற்கும், இன்னொன்று மூன்றரை லட்சத்தைத் தொடும், மூன்றாவதில் "ஜீரோ பில் கேரண்டி" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும்.

மூவரும் விற்பது மூன்று வேறு சரக்கு. ஒன்றோடு ஒன்றை விலை வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். கரண்ட் பில் அதிகமாக வருவது ஒரு பிரச்சினை. கரண்ட் போய்விடுவது வேறு பிரச்சினை. பேனல் தீர்ப்பது முதலாவதை, பேட்டரி தீர்ப்பது இரண்டாவதை. உங்கள் வீட்டில் எது வலிக்கிறது என்று தெரிந்தால்தான் எந்தக் கொட்டேஷனைக் கிழித்துப் போடலாம் என்று தெரியும்.

கீழே இருப்பது தமிழ்நாட்டு வீடுகளுக்கு 2025 கட்டணப்படி போட்ட கணக்கு. கடைகளுக்கும் ஆலைகளுக்கும் கட்டண முறையே வேறு.

## எதை வைத்து முடிவு செய்வது

ரெண்டு மாத யூனிட். கடைசி ஆறு பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரூபாயைப் பார்க்க வேண்டாம், யூனிட்டைப் பாருங்கள். நம் கட்டணம் படிக்கட்டு மாதிரி ஏறுவது. முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டாத வீட்டுக்கு இரண்டாவது நூறும் பாதி விலையில் கிடைக்கிறது. 400 வரை யூனிட் 5 ரூபாய்க்குள் அடங்கும். 500-ஐத் தாண்டிய இடத்தில் 8 ரூபாய்க்கு மேல் போகிறது, இரண்டாவது நூறின் சலுகையும் கைவிட்டுப் போகிறது. 1000-ஐத் தாண்டினால் யூனிட் 11 ரூபாய்க்கு மேல்.

சோலார் யூனிட் எப்போதும் உச்சிப் படியிலிருந்துதான் கழியும். முதலில் கழிவது விலை உயர்ந்த யூனிட். போகப் போக மலிவான யூனிட்டைத்தான் கழித்துக்கொண்டிருப்பீர்கள். இந்த ஒன்று பிடிபட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி. கொட்டேஷன் கொண்டு வருபவர் இதைச் சொல்ல மாட்டார். பெரிய சிஸ்டம் விற்றால்தான் அவருக்கு லாபம்.

கரண்ட் போகும் நேரம். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துவது ஒரு வகை. தினமும் ரெண்டு மணி நேரம் போய்ப் போய் வருவது இன்னொரு வகை. புயல் அடித்தால் வாரக்கணக்கில் வராத ஊர் மூன்றாவது வகை. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் இருட்டு. வேதாரண்யத்துக்காரர் போடும் கணக்கும் கோயம்புத்தூர்க்காரர் போடும் கணக்கும் ஒன்றாக இருக்க முடியாது.

மாடி. யாருடையது, நிழல் விழுகிறதா, எத்தனை வருஷம் அங்கே இருக்கப் போகிறீர்கள். ஒரு கிலோவாட்டுக்கு நிழலில்லாத இடம் ஏறக்குறைய 100 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதி மாறும் அபாயம். இன்று ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் கழிக்கிறார்கள். இருபது வருஷத்துக்கும் இதே நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் கணக்கிலேயே சேர்க்காத விஷயம் இது.

## முதல் வழி: ஆன்-கிரிட், பேட்டரி இல்லாமல்

பேனல், ஒரு இன்வெர்ட்டர், இருவழி மீட்டர். அவ்வளவுதான் சாமான். பகலில் வீட்டுக்குப் போக மிஞ்சுவது இ.பி. லைனுக்குப் போகும், ராத்திரி அங்கிருந்து எடுத்துக்கொள்வீர்கள். வித்தியாசத்துக்கு மட்டும் பில். இதுதான் நெட் மீட்டரிங்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். ரெண்டு மாதத்துக்கு 240. மார்ச், ஏப்ரலில் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்றாகவே குறையும். மானியம் பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் வருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம் இது. முதல் ரெண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. அதோடு சரி, 78,000-க்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் ஒரு பைசா கூடாது.

ரெண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். ரெண்டு ஏ.சி., ஒரு ஃப்ரிட்ஜ், போர் மோட்டார் என்று சாதாரணமாகப் புழங்கும் வீடு.

| | சோலார் இல்லை | 1 கிலோவாட் | 2 கிலோவாட் | 3 கிலோவாட் |
|---|---|---|---|---|
| 2 மாத உற்பத்தி | – | 240 | 480 | 720 |
| பில்லுக்கு வரும் யூனிட் | 800 | 560 | 320 | 80 |
| பில் (சுமாராக, ரூ.) | 4,800 | 2,550 | 800 | 0 |
| அந்தக் கூடுதல் கிலோவாட் மிச்சப்படுத்தியது (ரூ.) | – | 2,250 | 1,750 | 800 |

கடைசி வரிசையைக் கவனியுங்கள். முதல் கிலோவாட் ஒவ்வொரு பில்லிலும் 2,250 ரூபாயைக் குறைக்கிறது. மூன்றாவது வெறும் 800-ஐ. நான்காவதற்கு மானியமும் இல்லை, குறைக்கப் பில்லும் இல்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அம்மா, அஞ்சு கிலோவாட்டா போட்டுடுங்க, பின்னாடி கார் வாங்கினாலும் கவலையில்ல."

அரசு மானியக் கணக்குக்கு வைத்திருக்கும் அடிப்படை விலை முதல் ரெண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000, மூன்றாவதற்கு 45,000. சந்தையில் சின்ன சிஸ்டத்துக்கு இதைவிடக் கூடத்தான் கேட்பார்கள். ரெண்டு கிலோவாட்டுக்கு 1.3 லட்சம் என்றே வைத்தாலும், மானியம் போக 70,000. வருஷத்துக்கு மிச்சம் 24,000. மூன்று வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும். வீட்டுச் செலவில் இந்த வேகத்தில் திரும்புவது அபூர்வம்.

மறைந்திருக்கும் செலவுகள். மொட்டை மாடியில் துணி காய வேண்டும், வடாம் பிழிய வேண்டும் என்றால் உயரமான ஸ்டாண்டு கேட்பீர்கள். அதற்குத் தனி விலை. கடற்கரை ஊராக இருந்தால் ஸ்டாண்டு இரும்புக்கு நல்ல துத்தநாகப் பூச்சு வேண்டும். மலிவான பைப்பில் மூன்றாம் வருஷமே துரு ஏறும். பேனலுக்கு 25 வருஷ வாரண்டி என்று பெருமையாகச் சொல்வார்கள், உண்மைதான். இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் வராது. பத்து வருஷத்தை ஒட்டி ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்று எடுத்து வையுங்கள். போர் தண்ணீரில் பேனலைக் கழுவினால் உப்புக்கறை படிந்து, தூசியைவிட மோசமாக வெளிச்சத்தை மறைக்கும். பிறகு நெட்வொர்க் கட்டணம். மாடி சோலாருக்கும் லைனைப் பயன்படுத்துவதற்காகக் கட்டணம் வாங்க தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 ஆணை இடம் கொடுக்கிறது. மேலே போட்ட கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. உங்கள் இணைப்புக்கு இன்று யூனிட்டுக்கு எவ்வளவு என்று இ.பி. பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

பெரிய குறை. கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். நடுப்பகல், கொளுத்தும் வெயில், மாடியில் ஒன்றே கால் லட்சம் ரூபாய் பேனல், கீழே ஃபேன் ஓடாது. பலருக்கு இது பணம் கட்டிய பிறகுதான் தெரிகிறது. பழுது என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறார்கள். பழுதில்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பது. லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து கரண்ட் பாயக் கூடாது. அதனால் லைனில் மின்சாரம் இல்லையென்று தெரிந்த கணமே இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்ளும்.

யாருக்கு நல்லது: 500 யூனிட்டுக்கு மேல் ஓடும், கரண்ட் கட் அதிகமில்லாத சொந்த வீட்டுக்கு. மற்ற எதையும் யோசிக்கவே வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே ட்யூபுலர் பேட்டரியோடு பழைய இன்வெர்ட்டர் இருக்கிறதா? அதைத் தூக்கி எறியாதீர்கள். ஆன்-கிரிட் சோலாரைப் போட்டுவிட்டு அதை அப்படியே ஓடவிடலாம். ஒரு 150 ஆம்பியர்-அவர் பேட்டரி நாலைந்து ஃபேன், லைட், வைஃபை என்று மூன்று நான்கு மணி நேரத்தை ஓட்டிவிடும். சோலார் லைன் மெயின் பக்கம் சேர வேண்டும், இன்வெர்ட்டரின் அவுட்புட் பக்கம் சேரக் கூடாது. இதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹைப்ரிட் கொட்டேஷனோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கூட்டணியே போதும் என்பது என் எண்ணம்.

## இரண்டாம் வழி: ஹைப்ரிட், பேட்டரியோடு

இ.பி. லைனோடும் சேர்ந்திருக்கும், பேட்டரியும் இருக்கும். கரண்ட் போனால் லைனைத் துண்டித்துக்கொண்டு வீட்டை மட்டும் தானே ஓட்டும். பகலில் போனால் பேனலும் வேலை செய்யும். புயலுக்குப் பிறகு வெயில் அடித்தால் தினமும் பேட்டரி நிறையும். இதன் உண்மையான மதிப்பு அங்கேதான்.

பில்லைப் பொறுத்தவரை பேட்டரி ஒரு ரூபாயும் மிச்சப்படுத்தாது. பகலில் லைனுக்குக் கொடுத்த யூனிட்டை ராத்திரி அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ள முடிகிறது என்றால், இ.பி. லைனே உங்களுக்கு இலவச பேட்டரி. அதை விட்டுவிட்டுச் சொந்த பேட்டரியில் ஏற்றி இறக்கினால் நூற்றுக்குப் பத்து யூனிட் வழியிலேயே சூடாகப் போகும், பேட்டரியின் ஆயுளும் தேயும். "ராத்திரியும் சோலார்லயே ஓட்டலாம், பில் இன்னும் குறையும்" என்று யாராவது சொன்னால், நெட் மீட்டரிங் இருக்கும் வீட்டில் அது எப்படி என்று கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஆகவே பேட்டரிக்குக் கொடுக்கும் காசு இருட்டுக்கான காப்பீடு. அப்படி நினைத்து வாங்கினால் தவறே இல்லை. ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரில் இருக்கும் அப்பா, ஃப்ரிட்ஜில் இன்சுலின், வீட்டிலிருந்து வெளிநாட்டு நேரத்துக்கு வேலை பார்க்கும் மகள் என்று இருக்கும் வீட்டில், எத்தனை வருஷத்தில் காசு திரும்பும் என்று கேட்பதே பொருத்தமில்லாத கேள்வி.

5 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி எவ்வளவு தாங்கும்? ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ், டி.வி. என்றால் ஒரு ராத்திரி. ஒன்றரை டன் ஏ.சி.யைப் போட்டால் மூன்று மணி நேரத்தில் காலி. ஒரு எச்.பி. மோட்டார் கிளம்பும்போது மட்டும் ஓடும் கரண்ட்டைப் போல பல மடங்கு இழுக்கும். சின்ன ஹைப்ரிட் இன்வெர்ட்டர் அந்த இழுப்பில் ட்ரிப் ஆகிவிடும். மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காகவே ஹைப்ரிட் கேட்பவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள். மானியம் பேனல் கிலோவாட்டுக்குத்தான், பேட்டரிக்குக் கிடையாது. எந்தெந்த பாயிண்ட் பேட்டரியில் ஓட வேண்டும் என்று பிரித்துத் தனி லைன் இழுக்க வேண்டும். பழைய வீட்டில் சுவர் உடைக்காமல் அது நடக்காது. பல கொட்டேஷன்களில் இந்த வயரிங் "கஸ்டமர் ஸ்கோப்" என்ற பெயரில் உங்கள் தலையில் இருக்கும். பேட்டரியை வெயில் படும் மாடிப்படி அறையில் வைத்தால் ஆயுள் குறையும், அதனால் வீட்டுக்குள் காற்றோட்டமான இடம் ஒதுக்க வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரியோடு மலிவாகக் கொடுப்பார்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் நாலைந்து வருஷம்தான். லித்தியத்துக்கு ஆரம்ப விலை கூட, ஆனால் அதன் இரண்டு மூன்று மடங்கு காலம் வரும்.

"இப்போது ஹைப்ரிட் இன்வெர்ட்டரை மட்டும் போட்டு வைத்துவிட்டு, பேட்டரியைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாமா?" காகிதத்தில் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. இன்வெர்ட்டருக்கு இன்றே கூடுதலாகக் கொடுத்துவிட்டு, அந்த வசதியைத் தொடாமலேயே அதன் பாதி ஆயுள் போய்விடும். பேட்டரி வாங்கப் போகும் நாளில் அந்த மாடலுக்குப் பொருந்தும் பேட்டரி கடையில் இருக்குமா என்பதும் சந்தேகம். ரெண்டு வருஷத்துக்குள் வாங்குவது உறுதியென்றால் சரி. "எப்போதாவது" என்றால் வேண்டாம்.

யாருக்கு நல்லது: கடலோர டெல்டா, கடலூர் பக்கம் என்று புயல் தொடும் ஊர், நீண்ட நேரம் கரண்ட் போகும் கிராமம், நிற்கவே கூடாத கருவி இருக்கும் வீடு.

## மூன்றாம் வழி: ஆஃப்-கிரிட்

இ.பி. லைனோடு சம்பந்தமே இல்லாமல் பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர். லைன் எட்டாத தோட்டத்து வீடு, மலைமேல் இருக்கும் ஒற்றை வீடு, இணைப்பு வாங்கவே கம்பம் கம்பமாகக் காசு கட்ட வேண்டிய இடம் என்றால் இதுதான் வழி. வேறு வழியில்லாதவருக்கு ஒப்பீடும் தேவையில்லை.

வீட்டு வாசலில் லைன் இருக்கும்போது இதைப் போடுவது வீண். காலை பதினொன்றுக்கே பேட்டரி நிறைந்துவிட்டால் அதற்குமேல் பேனல் தரக்கூடியது முழுவதும் போக இடமில்லாமல் நின்றுவிடும். மழைக்காலத்தில் நாலு நாள் வெயில் இல்லையென்றால் தாங்கும் அளவுக்கு பேட்டரியைப் பெரிதாக்க வேண்டும். மீதி வருஷமெல்லாம் அது சும்மா கிடக்கும். சூர்யா கர் மானியமும் கிடையாது. "இ.பி.யே வேண்டாம்னு தூக்கிப் போட்டுடலாம்" என்ற ஆசை பலருக்கு உண்டு. முதல் 100 யூனிட்டை இலவசமாகத் தரும் இணைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு பேட்டரிக் கடைக்குப் போய் நிற்பதில் என்ன வைராக்கியம் என்று எனக்குப் புரியவில்லை.

## நான்காம் வழி: பேனலே வேண்டாம்

350 யூனிட் வீட்டுக்கு ரெண்டு மாத பில் 950 ரூபாய்க்குள்தான் வரும். ஒரு கிலோவாட் போட்டால் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆகும். வருஷத்துக்கு ஐந்தாயிரத்துச் சொச்சம் மிச்சம். ஆனால் ஒரு கிலோவாட் சிஸ்டம் மானியம் போகவும் 40,000 அளவில் நிற்கும், ஏனென்றால் ஆள்கூலி, வயர், எர்த்திங் எல்லாம் சின்னதுக்கும் பெரிதுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏழு எட்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

அதே வீட்டில் நாலு பழைய சீலிங் ஃபேன் இருக்கும், ஒவ்வொன்றும் 75 வாட். பி.எல்.டி.சி. (கரண்ட் குறைவாக இழுக்கும் பிரஷ்லெஸ் மோட்டார்) ஃபேனாக மாற்றினால் 30 வாட்டில் அதே காற்று வரும். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் நாலும் சேர்ந்து ரெண்டு மாதத்தில் 108 யூனிட்டைக் குறைக்கும். செலவு 12,000-ஐ ஒட்டி. வருஷத்துக்கு 3,000 மிச்சம், நாலு வருஷத்தில் காசு திரும்பும். மாடியில் ஓட்டை போட வேண்டாம், பிரிவு அலுவலகத்துக்கு நடக்க வேண்டாம். 520, 540 என்று 500-ஐச் சற்றே தாண்டும் வீட்டுக்கு இது இன்னும் லாபம்: எட்டு ரூபாய்ப் படியிலிருந்து இறங்குவதோடு இரண்டாவது நூறின் சலுகையும் திரும்பக் கிடைக்கும்.

வாடகை வீட்டுக்காரருக்கும் ஃபேன் யோசனைதான். கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். அபார்ட்மெண்டில் மொட்டை மாடி பொதுச் சொத்து. ஆளுக்கு ஆள் பேனல் வைக்க முடியாது. சங்கமாகச் சேர்ந்து லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு என்ற பொது இணைப்புக்குப் போடலாம். அதற்குக் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் இருக்கிறது. பொது இணைப்பு பில்லைப் பிரித்துக் கட்டித் தலைவலி பட்டவர்கள் ஒரு கூட்டத்திலேயே ஒத்துக்கொள்வார்கள். தண்ணீர் டேங்க் நிழல் எங்கே விழும் என்பதுதான் அங்கே பெரிய சண்டையாக இருக்கும்.

## விதி மாறினால் எது தாங்கும்

மாடி சோலார் ஒன்றிரண்டு பேர் போடும்வரை லைனுக்குப் பாரமில்லை. ஒரு தெருவே போட்டால் நடுப்பகலில் எல்லா வீட்டிலிருந்தும் மின்சாரம் டிரான்ஸ்பார்மரை நோக்கி வரும். சூரியன் இறங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏ.சி.யைப் போடுவார்கள். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அத்தனை பெரிய வலையில் மதியம் வழியும் மின்சாரத்தையும் சாயங்காலத் தட்டுப்பாட்டையும் நொடிக்கு நொடி சமன் செய்ய வேண்டும்.

சமன் தவறினால் என்ன ஆகும் என்று இலங்கையில் பார்த்தோம். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் தொடங்கிய கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. குரங்கை வைத்து ஊரே சிரித்தது. ஆனால் விடுமுறை நாளில் தேவை குறைவு, சோலார் உற்பத்தி அதிகம், அதிர்ச்சியைத் தாங்கும் கனமான சுழலிகள் (அனல், நீர் மின்நிலையங்களில் சுற்றும் டர்பைன்கள்) ஓடியது குறைவு என்று மின்சார சபையே பின்னர் விளக்கம் சொன்னது. அடுத்த இரண்டு மாதத்தில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, கூரையில் பேனல் வைத்திருப்பவர்கள் பகல் 3 மணிவரை அணைத்து வைக்கும்படி கேட்டுக்கொண்டது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கடன் வாங்கிப் பேனல் போட்டவருக்கு அந்த வேண்டுகோள் எப்படி இருந்திருக்கும்?

ஸ்மார்ட் மீட்டர் என்பது இந்த இடத்தில்தான் வருகிறது. சென்னை தியாகராய நகரில் லட்சத்துக்கும் மேல் ஏற்கெனவே மாட்டியிருக்கிறார்கள். கணக்கெடுக்க ஆள் வர வேண்டாம் என்பது அதன் சின்னப் பயன். எந்த நேரத்தில் எவ்வளவு எடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று தனித்தனியாகத் தெரிவதுதான் பெரிய விஷயம். நேரம் தெரிந்தால் நேரத்துக்கு ஒரு விலை வைக்கலாம். மத்திய அரசின் 2023 விதித் திருத்தம் அதற்குத்தான் வழி செய்கிறது: சூரிய நேரத்தில் வழக்கமான விலையில் குறைந்தது 20 சதவீதம் தள்ளுபடி, உச்ச நேரத்தில் கூடுதல் விலை, ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகே அமல். நம் வீட்டு இணைப்புகளுக்கு இன்னும் இரவு பகல் ஒரே விலைதான்.

மாறினால்? கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த வீடுகளுக்கு, லைனுக்குக் கொடுக்கும் மின்சாரத்தின் விலை ஏறக்குறைய முக்கால்வாசி குறைந்தது. உடனே அங்கே பேட்டரி விற்பனை ஏறியது. முன்பே சேர்ந்தவர்களுக்குப் பழைய முறை தொடர்ந்தது. தமிழ்நாட்டிலேயே 2019 சோலார் கொள்கை, வீடுகள் லைனுக்குக் கொடுக்கும் யூனிட்டுக்கும் குறைந்த விலை என்ற முறைக்குப் போனது, 2021-இல் நெட் மீட்டரிங் திரும்பி வந்தது. இரண்டு வருஷத்தில் ஒருமுறை போய் வந்த விதி இன்னொருமுறை போகாது என்று சொல்ல முடியாது.

அப்படி ஒரு நாள் வந்தால் அதிகம் அடிபடுவது மாடி நிறையப் பேனல் போட்டுப் பெரும்பகுதியை வெளியே அனுப்பும் வீடு. அடிபடாமல் நிற்பது, பகலில் தானே செலவழிக்கும் அளவுக்கு அளவாகப் போட்ட வீடு. வாஷிங் மெஷின், மோட்டார், கிரைண்டர், மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் பத்திலிருந்து மூன்றுக்குள் முடித்துக்கொண்டால் அந்த யூனிட் லைனுக்குப் போகவே போகாது. அதன் விலையை எந்த ஆணையும் தொட முடியாது. விதி மாறிய பிறகு பேட்டரி வாங்கினாலும் தாமதமில்லை. அதன் விலை வருஷா வருஷம் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பயந்துபோய் இன்றே வாங்க வேண்டியதில்லை.

## கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன்

என்னிடம் ஒற்றை வரியில் பதில் கேட்டால்: 400-க்குக் கீழே ஃபேன், 500-க்கு மேலே ரெண்டு கிலோவாட் ஆன்-கிரிட், ஆயிரத்தைத் தொடும் வீட்டுக்கு மூன்று, புயல் ஊருக்கும் நோயாளி இருக்கும் வீட்டுக்கும் ஹைப்ரிட், 400-க்கும் 500-க்கும் நடுவில் இருப்பவர்கள் முதலில் ஃபேனை மாற்றிவிட்டு இரண்டு பில் பார்க்கட்டும்.

பேனல் இந்தியாவிலேயே செல் செய்து இந்தியாவிலேயே கோத்ததா என்று கேளுங்கள். மானியத்துக்கு அது கட்டாயம். மலிவான கொட்டேஷன் பல நேரம் அங்கேதான் மலிவாகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாமானுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கிறது. பழைய வரியை வைத்துப் போட்ட விலையா என்று பாருங்கள். 10 கிலோவாட் வரைக்கும் சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் விதி இருக்கிறது. "ஆபீஸ்ல ஒத்துக்க வைக்க" என்று தனியாகப் பணம் கேட்டால் எதற்கு என்று கேட்கலாம். நிழலுக்கு மார்கழிச் சூரியனைப் பார்க்க வேண்டும், சித்திரைச் சூரியனை அல்ல. தெற்குப் பக்கம் இருக்கும் தென்னை மார்கழியில்தான் மாடிமேல் நீளமாகச் சாயும். ஒரு பேனலின் மூலையில் நிழல் விழுந்தாலும் சேர்த்துக் கோத்த வரிசையே சுணங்கும்.

பேனல் மாட்டியாயிற்று, இருவழி மீட்டர் இன்னும் வரவில்லை என்ற இடைவெளி ஒன்று கட்டாயம் வரும். "சும்மா ஆன் பண்ணி விடுங்க சார், வெயில் வீணாப் போகுதே" என்பார் மாட்டியவர். விடாதீர்கள். வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண டிஜிட்டல் மீட்டர் பலவற்றுக்குத் திசை தெரியாது; நீங்கள் லைனுக்கு அனுப்பிய யூனிட்டையும் எடுத்த யூனிட்டாகவே ஓட்டிவிடும். மீட்டரை மாற்றி, சோதித்து, சீல் வைக்கும்வரை இன்வெர்ட்டர் ஆஃபிலேயே இருக்கட்டும்.